ஈட்டனில் ஒரு ஹவுஸ்: ஐம்பது பையன்கள், ஒரு டேம், விளக்கணைத்த பிறகான நேரம்

இங்கிலாந்தின் ஆண்கள் உறைவிடப் பள்ளியான ஈட்டன் கல்லூரி என்றதும் 1440, ஆறாம் ஹென்றி, வால் கோட்டு, அங்கே படித்த பிரதமர்கள் என்று பேச்சு ஓடும். மகனைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. பையன் 13 வயதிலிருந்து 18 வரை வாழப்போவது பள்ளியின் தங்கும் விடுதிகளில் ஒன்றில், அதாவது ஒரு ஹவுஸில். ஆகவே இந்த மதிப்புரை பாடம், பரீட்சை, விளையாட்டு மைதானம் எதையும் தொடாமல் அந்த ஹவுஸை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி வந்த பிறகு, ஒரு பருவத்துக்குச் சுமார் 21,000 பவுண்டு, வருடத்துக்கு 63,000 பவுண்டுக்கு மேல் ஆனது. அந்தப் பணத்துக்குப் பையனைப் பார்த்துக்கொள்வது யார், எப்படி என்பதுதான் கேள்வி.

மொத்தம் 25 ஹவுஸ். அவற்றில் ஒன்று உதவித்தொகை பெறும் 70 கிங்ஸ் ஸ்காலர்களுக்கானது. அதன் பெயர் 'காலேஜ்'. மற்றவற்றில் ஏறக்குறைய ஐம்பது ஐம்பது பேர், அதாவது ஒரு வயதுக்குப் பத்துப் பேர். ஹவுஸ் மாஸ்டரை நம் ஊர் ஹாஸ்டல் வார்டன் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர் பகலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர். குடும்பத்தோடு அதே கட்டிடத்தில் குடியிருப்பவர். அவர் வீடு 'பிரைவேட் சைடு', பையன்களின் பகுதி 'பாய்ஸ் சைடு'. அவருக்குக் கீழே ஒரு துணை ஹவுஸ் மாஸ்டர், சின்னக் குழுக்களைக் கவனிக்கும் டியூட்டர்கள், சமையல், துப்புரவுப் பணியாளர்கள். ஹவுஸைப் பையன்கள் குறிப்பிடுவதே அப்போதைய ஹவுஸ் மாஸ்டரின் பெயரெழுத்துகளை வைத்துத்தான். அவர் மாறினால் ஹவுஸின் குணமும் மாறும் என்பதை அந்த வழக்கமே சொல்லிவிடுகிறது.

ஆனால் எங்கள் கணிப்பில் இந்தச் சேவையின் அச்சாணி ஹவுஸ் மாஸ்டர் அல்ல, டேம்தான். ஒரு காலத்தில் ஈட்டனில் பையன்களைத் தங்கவைத்த வீடுகளைப் பெண்கள் சொந்தமாகவே நடத்தினார்கள். அவர்களைத்தான் டேம் என்றார்கள். அப்படி நடத்திய கடைசிப் பெண்மணி ஜேன் எவன்ஸ், 1906இல் காலமானார். வீடுகள் ஆசிரியர் கைக்குப் போயின, பட்டம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய டேம் மற்றப் பள்ளிகளில் மேட்ரன் செய்யும் வேலையைச் செய்கிறார்: உடல்நலம், உணவு, துணி, அறைச் சுத்தம். ஹாரோ பள்ளியில் இதே பொறுப்புக்கு மேட்ரன் என்றுதான் பெயர்; ராட்லி பள்ளியில் பாஸ்டரல் ஹவுஸ்மிஸ்ட்ரஸ்.

டேம் ஏன் முக்கியம்? ஹவுஸ் மாஸ்டர்தான் பெற்றோருக்கு அறிக்கை எழுதுபவர், தண்டனை முடிவு செய்பவர். எவ்வளவு நல்லவரானாலும் பதின்மூன்று வயதுப் பையன் அவரிடம் கொஞ்சம் ஒளிப்பான். டேம் மதிப்பெண் போடுவதில்லை, தண்டனை அறிவிப்பதில்லை. அதனால் பையனின் முதல் சங்கடம் அவரிடம்தான் போகிறது. அதுவும் சங்கடமாகப் போகாது, தலைவலியாகவோ வயிற்றுவலியாகவோ போகும். ஒரே பாடவேளைக்கு முன்னால் மூன்று வாரம் தொடர்ந்து வயிறு வலித்தால் அது வயிற்றின் கோளாறு இல்லை. நல்ல டேம் இதைப் பதிவேட்டைப் புரட்டாமலே கண்டுகொள்வார். மாலை டீ நேரத்துக்கு யார் இறங்கி வரவில்லை, யாருடைய அழுக்குத் துணி வழக்கத்தைவிடக் குறைந்திருக்கிறது, பார்சல் வந்து இரண்டு நாளாகியும் யார் பிரிக்கவில்லை என்றெல்லாம் அவர் கண்ணில் படும். 13 வயதில் சேருகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு அந்தக் கட்டிடத்தில் இல்லை.

இதிலிருந்தே மருந்து விஷயமும் வருகிறது. நம் பெற்றோர் அதிகம் தவறுவது இங்கேதான். டோலோ 650 பட்டை ஒன்றைப் பெட்டியின் ஓரத்தில் செருகி அனுப்புவார்கள். பையன் காய்ச்சலுக்கு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து டேமிடம் போவான். அவர் பாராசிட்டமால் கொடுப்பார். பெயர் வேறு, மருந்து ஒன்று. சளிக்கு வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் லெம்சிப் பொடியிலும் அதே பாராசிட்டமால்தான். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது என்ற கணக்கு டேமின் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. எல்லா மாத்திரையும் அவர் அலமாரியில் இருந்தால்தான் கணக்கு பலிக்கும். ஆகவே மருந்தை மூல அட்டைப்பெட்டியோடு, உள்ளே வரும் தாளோடு, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு முதல் நாளே டேம் கையில் கொடுத்துவிடுங்கள். லேபிள் இல்லாத லேகியத்தையும் கஷாயப் பொடியையும் பொதுவாக அவரால் கொடுக்க முடியாது. மூச்சிழுப்புக்கான இன்ஹேலர், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி இவை இரண்டு செட் வேண்டும்: ஒன்று பையனிடம், ஒன்று டேமிடம். தடுப்பூசி அட்டையும் முக்கியம். இங்கிலாந்தில் 13, 14 வயதில் பள்ளியிலேயே மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஏசிடபிள்யூஒய் ஊசி போடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எதைப் போட்டிருக்கிறான், எதை விட்டிருக்கிறான் என்பது அட்டை இல்லாமல் தெரியாது.

உணவு மோசமில்லை. சில ஹவுஸ்களுக்குச் சொந்தச் சாப்பாட்டுக்கூடம் உண்டு. மற்றவை பெக்கின்டன் என்ற பொதுக்கூடத்தில் சாப்பிடுகின்றன. சொந்தக் கூடம் உள்ள ஹவுஸுக்கு எங்கள் ஓட்டு, ஏனென்றால் யார் சாப்பிடவில்லை என்பது ஐம்பது பேருக்கு நடுவே தெரியும், நூற்றுக்கணக்கானோர் நடுவே தெரியாது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் படிவத்தில் எழுதினால் அங்கே முட்டையும் சீஸும் அதில் அடக்கம். முட்டை வேண்டாமென்றால் தனியே எழுதவேண்டும். ஜெலட்டின் கலந்த மிட்டாய், நெத்திலி சேரும் வூஸ்டர்ஷயர் சாஸ், கன்றின் இரைப்பை நொதியில் உறைந்த பார்மசான் சீஸ் இவற்றையும் பெயர் சொல்லியே எழுதவேண்டும். சைவப் பையன் பட்டினி கிடக்கமாட்டான், ஆனால் ஒரே மாதிரிச் சாப்பாட்டில் சலித்துப்போவான். இட்லிப் பொடியும் ஊறுகாயும் அனுப்பலாம். ஆனால் எள், கடுகு, வேர்க்கடலை, முந்திரி எல்லாமே பிரிட்டனின் 14 ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் இருப்பவை. கொட்டை ஒவ்வாமை உள்ள ஒரு பையன் அதே மாடியில் இருந்தால் கடலை மிட்டாய் உள்ளே வராது. டப்பாவின் மேல் சேர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி அனுப்பினால் டேமுக்கும் நிம்மதி.

மாலை டீ ஹவுஸ் வாழ்க்கையின் நல்ல நேரம். பையன்கள் தங்கள் சமையலறையில் ரொட்டி வாட்டி, முட்டை பொரித்து, சின்னக் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்கு அங்கே 'மெஸ்ஸிங்' என்று பழைய பெயர் உண்டு. இரவில் 'பிரேயர்ஸ்': பெயர் பிரார்த்தனை, நடப்பது பெரும்பாலும் ஹவுஸ் கூட்டம். அறிவிப்பு, ஒரு பையனின் பேச்சு, வென்றவனுக்குக் கைதட்டல், சில நாள் வினாடி வினா. வயதுப் பிரிவுகள் ஐந்தும் தினமும் ஒரே அறையில் முகம் பார்த்துக்கொள்கிற நேரம் அது. இதை அரைகுறையாக நடத்தும் ஹவுஸில் மூத்தவர்களுக்கு இளையவர்களின் பெயர்கூடத் தெரியாமல் போகும். மூத்த பையன்கள் சிலருக்கு ஹவுஸ் கேப்டன் முதலான பொறுப்புகள் உண்டு. இளையவன் மூத்தவனுக்கு ஏவல் செய்யும் ஃபேகிங் வழக்கம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒழிந்தது. ஆனாலும் ஒரு வருடத்தின் காற்று எப்படி வீசும் என்பதை இன்றும் அந்த மூத்தவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கட்டணத்தால் வாங்க முடியாத பகுதி இது. வருடத்துக்கு வருடம் மாறும்.

முதல் நாளிலிருந்தே ஆளுக்கொரு தனி அறை என்பது ஈட்டனின் சிறப்பு. ஹாரோவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வழக்கமாகச் சேர்ந்து தங்குவார்கள். தனி அறையில் படிக்கலாம், அழலாம், யாரும் சீண்டமாட்டார்கள். ஆனால் கூச்ச சுபாவமுள்ளவன் கதவைச் சாத்திக்கொண்டால் சாத்தியதுதான். பகிர்ந்து தங்கும் அறையில் பக்கத்துக் கட்டில்காரன் கவனித்திருப்பான். கலகலப்பானவனுக்கு ஈட்டன் அறை வரம். ஒதுங்கிப்போகிறவனுக்கு அதே அறை நல்ல டேம் இருந்தால் மட்டுமே வரம்.

கனமான விஷயம் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. இதே பள்ளியில் ஹவுஸ் மாஸ்டராக இருந்த ஒருவர், இரவில் பையன்களின் அறைகளுக்குள் போய்ப் பாலியல் குற்றம் புரிந்ததற்காக 2020இல் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தனி அறை, அதிகாரம் உள்ள பெரியவர், விளக்கணைத்த நேரம் மூன்றும் சேரும் இடத்தில் நல்லெண்ணம் மட்டும் காவல் ஆகாது, விதி வேண்டும். இரவில் பெரியவர் அறைக்குள் வந்தால் கதவு திறந்திருக்க வேண்டுமா? வருகை எங்காவது பதிவாகிறதா? ஹவுஸ் மாஸ்டர் மேலேயே புகார் என்றால் பையன் யாரிடம் போவான்? 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளுக்கான தேசியக் குறைந்தபட்சத் தரங்களின்படி, பள்ளியைச் சாராத ஒருவரைப் பையன் நேரடியாகத் தொடர்புகொள்ள வழி இருக்கவேண்டும். அந்த எண் பையன்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. நல்ல ஹவுஸ் மாஸ்டர் இவற்றை எதிர்பார்த்தே இருப்பார்.

செல்பேசி விஷயத்தில் பள்ளி எடுத்த முடிவு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. 2024 செப்டம்பரில் சேர்ந்த முதலாண்டுப் பையன்களுக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. பேச, குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் பயன்படும் நோக்கியா ஒன்றைப் பள்ளியே கொடுத்தது. தூக்கம் காப்பாற்றப்படும். ஆனால் வீட்டோடு பேசும் நேரத்தை இந்தியக் குடும்பம் திட்டமிட்டே ஆகவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நேர வித்தியாசம் நாலரை மணி, அதற்குப் பிறகு ஐந்தரை. முதல் பருவத்தின் நடுவிலேயே அட்டவணை மாறிவிடும். படுக்கப்போகும் நேரத்தில் அம்மாவின் குரலைக் கேட்டால் ஏக்கம் கூடும், தூக்கம் போகும். ஞாயிறு மதியம் அங்கே 2 மணி, குளிர்காலத்தில் இங்கே மாலை 7:30. இரண்டு பக்கத்துக்கும் அதுவே நல்ல வேளை. வீட்டு ஏக்கம் முதல் வாரத்தைவிட, நடுப்பருவ விடுமுறையான லாங் லீவ் முடிந்து திரும்பும்போதுதான் அதிகம் தாக்கும். அந்த வாரத்தில் டேமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மகனைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த விடுமுறைகளில் ஹவுஸ் பூட்டப்படும். இங்கிலாந்தில் வீடில்லாத குடும்பத்துக்கு அங்கே பையனைப் பொறுப்பேற்கும் ஒரு கார்டியன் கட்டாயம் வேண்டும்; கார்டியன் அமைப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் ஏஜிஸின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மூலம் போவது நல்லது.

துணிக்கு ஒரே ஆலோசனை: பெயர்ப்பட்டையைத் தைத்து அனுப்புங்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் வகை பெரிய சலவை எந்திரத்தின் சூட்டில் உரிந்துவிடும், பிறகு ஐம்பது பேரின் கறுப்புக் காலுறைக் குவியலில் யாருடையது எது என்று டேமாலும் சொல்ல முடியாது.

குறை என்று வந்தால் முதலாவது, சீரின்மை. ஒரே கட்டணத்துக்கு 25 விதமான சேவை. ஒரு ஹவுஸில் டியூட்டர் வாராவாரம் பையனைத் தனியே உட்காரவைத்துப் பேசுவார், இன்னொன்றில் அது பெயரளவில் நடக்கும். ஹவுஸ் முடிவானபின் மாற்றுவது அரிது. இரண்டாவது, ஹவுஸ் மாஸ்டரின் வேலைப்பளு. பகலெல்லாம் வகுப்பு, மாலையெல்லாம் ஐம்பது குடும்பங்களின் மின்னஞ்சல். பெற்றோரின் அவசரங்களுக்குப் பதில் சொல்வதிலேயே மாலை கரைந்தால், சத்தம் போடாத பையனுக்கு நேரம் மிஞ்சாது. ஆகவே சின்ன விஷயத்தை டேமிடமும், படிப்பை டியூட்டரிடமும், உண்மையான கவலையை மட்டும் ஹவுஸ் மாஸ்டரிடமும் கொண்டுபோவதே பையனுக்கு நல்லது.

பார்க்கப் போகிறவர்கள் ஓபன் டே அன்று மட்டும் போய்த் திரும்பாதீர்கள். அன்று எல்லா ஹவுஸும் அழகாகத்தான் இருக்கும். அனுமதி கேட்டு ஒரு சாதாரண வார நாளின் டீ நேரத்தில் போங்கள். சுற்றிக்காட்டும் மூத்த பையனிடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் நாலு பேரின் பெயரைக் கேளுங்கள். பிறகு டேமைச் சந்தித்து, இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும், அவருடைய விடுமுறை நாளில் மருந்து அலமாரிச் சாவி யாரிடம், அன்று இரவு கட்டிடத்தில் தூங்கும் பெரியவர் யார் என்றும் கேளுங்கள். யோசிக்காமல் பெயரோடு பதில் வரும் ஹவுஸை உங்கள் விருப்பப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.