பிசிஷியன் அசோசியேட் முதுநிலைப் படிப்பு: ஊட்டியிலிருந்து பணம் கட்டுவதற்கு முன்

எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் பி.எஸ்சி. உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ பி.பார்மோ முடித்தவர்கள், நோயாளியின் பக்கத்தில் நின்று செய்யும் வேலைதான் வேண்டும் என்று தேடும்போது பிரிட்டனின் பிசிஷியன் அசோசியேட் (மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பரிசோதிக்கும் பணி) படிப்பு கண்ணில் படும். இரண்டே வருடம், டிப்ளமோவோ எம்.எஸ்சி.யோ கையில் வரும். ஊட்டியிலோ குன்னூரிலோ இதை விசாரிக்கும் வீடுகளில் பேச்சு கட்டணத்திலும் விசாவிலுமே சுற்றும். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படித்து முடித்தவர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம்? (சுருக்கமாக 'பி.ஏ.' என்றுதான் அங்கே சொல்வார்கள். நம்மூரில் அப்படிச் சொன்னால் தமிழா, வரலாறா என்று கேட்பார்கள். விண்ணப்பங்களில் முழுப் பெயரையே எழுதுங்கள்.)

பயிற்சி என்ற அளவில் இது நல்ல படிப்பு, அதில் சந்தேகமில்லை. பல ஆண்டுகளாக இந்தப் படிப்புகளுக்கு அடிப்படையாக இருந்த பாடத்திட்டம் குறைந்தது 1600 மணி நேரம் நோயாளிகளோடு இருக்கச் சொன்னது. அதில் பொது மருத்துவ வார்டு 350 மணி. குடும்ப மருத்துவரின் கிளினிக் 180. அவசர சிகிச்சை 180. மனநலம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் பிரிவு தலா 90. கூட்டினால் 1070. மீதி 530 மணியை எங்கே செலவிடுவது என்பது கல்லூரியைப் பொறுத்தது. கல்லூரிக்குக் கல்லூரி தரம் பிரிவது இங்கேதான். எந்தெந்த மருத்துவமனை, எந்தெந்தப் பிரிவு என்று சேர்வதற்கு முன்பே பட்டியல் தருகிற கல்லூரியை நம்பலாம். 'ஏற்பாடு செய்துகொள்ளலாம்' என்று சொல்கிற இடத்தில் அந்த மணிகள் யாராவது ஒரு மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் நின்றே கழியும்.

90 மணி என்பது ஏறக்குறைய 12 வேலை நாள். குழந்தைகள் பிரிவில் 12 நாளில் மூச்சுத்திணறும் குழந்தையின் விலா உள்வாங்குவதைக் கண்ணால் பார்த்து அடையாளம் காணப் பழகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. செய்த செய்முறைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் மணி நேரம் நிறைந்திருக்கும், செய்முறைகளுக்கு அத்தாட்சி இருக்காது. கையெழுத்துப் போட வேண்டிய கன்சல்டன்ட் (மூத்த மருத்துவர்) விடுப்பில் போய்விடுவார். ரத்தம் எடுப்பது, ஈசிஜி போடுவது, சிறுநீர்க் குழாய் செருகுவது போன்றவற்றுக்குச் செய்த அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

தேர்வு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வில் 200 கேள்விகள், சரியான ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. நீட் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. சறுக்குவது 14 ஸ்டேஷன் (ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்துகாட்டும் நிலையம்) கொண்ட செய்முறைத் தேர்வில். நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்காமல் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பது, கை கழுவ மறப்பது, 'உங்களுக்கு என்ன பயமாக இருக்கிறது' என்று ஒரு வார்த்தை கேட்காதது எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். பிபி பார்க்கும்போது தடித்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது வர வேண்டும். வடக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பேச்சுவழக்கு காதில் ஏறவே சில மாதம் ஆகும். அதற்கு மருந்து, முதல் வருடத்திலேயே கிளினிக்கில் உட்கார்ந்து கேட்பதுதான்.

கையெழுத்து விஷயத்தில்தான் படிப்பு கைவிடுகிறது. பிரிட்டனில் பிசிஷியன் அசோசியேட் மருந்துச் சீட்டு எழுத முடியாது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேனுக்கும் எழுத முடியாது. நோயை நீங்களே சரியாகக் கண்டுபிடித்தாலும் ஒரு மருத்துவர் வந்து கையெழுத்துப் போடும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலே இவர்களையும் பதிவு செய்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் இந்தப் பணியை ஆராய பிரிட்டன் அரசு கேட்டுப் பெற்று 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை, பெயரை 'பிசிஷியன் அசிஸ்டன்ட்' என்று மாற்றவும், நோய் இன்னதென்று பிரித்தறியப்படாத நோயாளிகளை வரையறுத்த நெறிமுறைக்கு வெளியே இவர்கள் பார்க்கக் கூடாது என்றும், குடும்ப மருத்துவ கிளினிக்குக்குப் போகுமுன் இரண்டு வருடம் மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் நியாயமான பரிந்துரைகள்தான். கடன் வாங்கிப் படிக்கிறவர் மட்டும் பழைய விளம்பரத் தாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தொழில் அது. 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம். பெரும்பாலும் 27 மாதப் படிப்பு, செலவும் நுழைவு நிபந்தனையும் அதற்கேற்பக் கடினம்.

திரும்பி வந்தால்? இந்தியாவில் இந்தத் தொழில் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பே தமிழ்நாட்டில் உண்டு: மூன்று வருடம் பாடம், ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். வேலை கோவை, சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளில்தான் அதிகம். மருத்துவத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் 2021 சட்டத்தின் அட்டவணையில் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயர் இருக்கிறது. அதனாலேயே வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே தானாகச் செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலைக்குத் தேவையான சிலவற்றை எந்தக் கல்லூரியில் படித்தாலும் இங்கே வந்துதான் கற்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகை உண்டு. மூட்டுவலி என்று வருகிறவரிடம் அதை நினைக்க வேண்டும். தோட்டத்தில் பூச்சிமருந்து ஏறியவருக்குக் கண்மணி சுருங்கி வாயில் நீர் ஒழுகும். அதற்கு முறிவு மருந்தான அட்ரோபினை நுரையீரல் சளி வற்றும்வரை கொடுப்பார்கள், கண்மணி விரியும்வரை அல்ல. 2240 மீட்டர் உயர ஊட்டியில் விரல் ஆக்சிமீட்டர் சமவெளியைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும், விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். உயரத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும், அதைக் கழித்துப் பார்க்காவிட்டால் சோகை மறைந்துவிடும்.

மேற்பார்வையின் கீழ் மருத்துவமனை வார்டில் வேலை செய்வதில் நிறைவு காண்பவருக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கோத்தகிரியில் தனியாகக் கிளினிக் வைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், சட்டம் இடம் தராது. முன்பணம் அனுப்புமுன் கல்லூரியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: முடிவில் வருவது டிப்ளமோவா எம்.எஸ்சி.யா, ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் ஒப்புதல் இப்போது இருக்கிறதா, அந்த 530 மணி எங்கே, கடைசியாக முடித்த அணியில் எத்தனை பேருக்கு இதே பணியில் வேலை கிடைத்தது.