சுங்கை சிப்புட் தடயவியல் வகுப்பு: ஒரு மதிப்பீடு
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து மண்டபத்தில் நடந்த ஒருநாள் தடயவியல் அறிமுக வகுப்புக்கு ஐந்தாம் படிவ மாணவியான என் மகளுடன் சென்றேன். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் காவல்துறை ஆய்வுக்கூடம் அமைத்த எட்மண்ட் லொக்கார்டிலிருந்து பயிற்றுநர் தொடங்கினார்.

மகள் பிடித்திருந்த கண்ணாடிக் குவளையின்மேல் அவர் கருந்தூளை மென்தூரிகையால் தடவியதும் ரேகைச் சுழி ஒன்று மெல்லத் துலங்கியது. அதை ஒட்டுநாடாவால் எடுத்து வெள்ளை அட்டையில் பதித்து, தேதியும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்டார். இரத்தம் தோய்ந்த துணியை நெகிழிப்பையில் அடைத்தால் ஈரத்தால் பூஞ்சை பிடித்து மரபணுச் சான்று சிதைந்துவிடும் என்பதால், உலர்த்திக் காகிதப்பையில் இட வேண்டும் என்று அவர் விளக்கியது மிகத் தெளிவு.

உணவு பரவாயில்லை. ஆனால், சான்று யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற பதிவைப் பற்றிப் பத்தே நிமிடம் பேசியது பெருங்குறை. அதில் இடைவெளி விழுந்தால் நல்ல தடயத்தையும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கும்.