ஹார்டு க்ரோமுக்குக் கொடுக்கிறவர்கள் படியுங்கள்: என் 46,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது.

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காசிமேட்டு விசைப்படகு ஒன்றுக்கு வின்ச் ஷாப்ட் (வலை இழுக்கும் இயந்திரத்தின் சுழல் தண்டு) கேட்டார்கள், ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள். இஎன் 24 என்ற உறுதியான அலாய் ஸ்டீல் கம்பி வாங்கி, கடைந்து, சூடேற்றிக் குளிர்வித்து ஹார்டன் செய்து, கிரைண்டிங் முடித்து, வியாசர்பாடிப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில் ஹார்டு க்ரோமுக்குக் கொடுத்தேன், அதாவது தேயாமலிருக்க மேலே கெட்டியான க்ரோம் படலம் ஏற்ற.

"பேக்கிங் உண்டுதானே?" என்று கேட்டேன், பிளேட்டிங் முடிந்ததும் ஓவனில் வைத்துச் சுடுவதைத்தான். பட்டறையில் இருந்தவர் தோளில் கை போட்டு, மூலையில் இருந்த ஓவனைக் காட்டினார். "அண்ணே, அதுல வெக்காம ஒரு பீஸ் வெளிய போகாது." டீ வந்தது. நம்பிவிட்டேன். அந்த ஓவனை ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

ஐந்தே வாரம். வலை இழுக்கும்போது ஷாப்ட் இரண்டாக முறிந்தது. யார் மேலும் படவில்லை, அது கடவுள் புண்ணியம். முறிந்த முகத்தைப் பார்த்தேன். ஸ்டெப் (ஷாப்டின் தடிமன் மாறும் இடம்) ஓரத்தில் தொடங்கி, ஈர மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி வளைவு வளைவாக உள்ளே போயிருந்தது. கடைசியாக ஒடிந்த இடம் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் முறிந்ததல்ல, நாள்கணக்கில் வளர்ந்த விரிசல்.

க்ரோம் தொட்டியில் ஹைட்ரஜனும் இரும்புக்குள் ஏறும். ஹார்டன் செய்த இரும்பை அது நொறுங்க வைக்கும். பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, 190 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுட்டால்தான் வெளியேறும். க்ரோம் படலத்திலும் மயிரிழை விரிசல்கள் உண்டு, படலமே இழுவிசையோடுதான் உட்கார்ந்திருக்கும். பாரத்தில் வளைந்து சுற்றும் ஷாப்டில் விரிசல் அங்கிருந்துதான் அடியில் இருக்கும் இரும்புக்குள் இறங்குகிறது. அதனால்தான் முதலிலேயே ஷாட் பீனிங் (பிளேட்டிங்குக்கு முன் சின்னக் குண்டுகளை அடித்து மேற்பரப்பை இறுக்குவது) கேட்டேன். "இதுக்கெல்லாம் தேவையில்லண்ணே" என்றார்.

இப்போது கேட்டால் "உங்க மெட்டீரியல் சரியில்ல". அடுத்த வாரம், "முதலாளி ஊர்ல இல்ல". அப்புறம், "ஆடி போகட்டும், பாத்துக்கலாம்". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்று நேரிலேயே போனேன். ஓவனுக்குள் பழைய சாக்குகள் அடுக்கியிருந்தன. வேலை செய்யும் பையன் மெதுவாகச் சொன்னான்: "ஹீட்டர் போய் ஆறு மாசம் ஆச்சுண்ணே."

படகுக்காரருக்குப் புது ஷாப்ட் என் கைக்காசில். பழைய ஷாப்டும் சேர்த்து 46,500 ரூபாய். நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு! மூன்று மாத வாடகை.

சரி, கொடுக்கப் போகிறவர்கள் ஓவன் சூடாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டெப்பின் மூலையைக் கூராக விடாமல் வளைவாக ரேடியஸ் போடுங்கள். பேக்கிங் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எனக்கு அவர் ஒரு வெள்ளைத் தாளில்தான் கணக்கு எழுதித் தந்தார். அதில் பேக்கிங் என்ற சொல்லே இல்லை.