பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அங்குள்ள அரச அரண்மனையும் அதே வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் கோவிலும் தினமும் திறந்திருக்கும். காலை 8.30 முதல் மாலை 3.30 வரை சீட்டு கொடுப்பார்கள். புத்தர் பண்டிகை என்பதற்காக மூட மாட்டார்கள். அரச குடும்பத்துச் சடங்கு ஏதாவது இருந்தால் எப்போதாவது மூடுவதுண்டு, அதை அரண்மனையின் இணையதளத்திலேயே போட்டுவிடுவார்கள். தெருவில் நிற்கும் ஒருவர் "இன்று மூடல்" என்று சொன்னால், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி, கழுத்தில் என்ன அட்டை தொங்கினாலும் சரி, அது பொய்.

நானும் என் கணவரும் பங்குனிக் கடைசியில் போயிருந்தோம். மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனாலும் அந்த ஊரின் வெக்கை வேறு. ஆற்றங்கரை ஊர் என்பதால் காற்றிலேயே ஈரம், வேர்வை காயவே காயாது. சாத்தோர்ன் துறையிலிருந்து ஆரஞ்சுக் கொடிப் படகில் சாவோ பிரயா ஆற்றில் ஏறி, தா சாங் துறையில் இறங்கினோம். அதுவரை எல்லாம் சுகம். படகு நல்ல வசதி, கட்டணமும் மிகக் குறைவு.

துறையிலிருந்து வெளியே வந்தால் அரண்மனையின் நீண்ட வெள்ளைச் சுவர் தெரியும். பார்வையாளர் வாசலுக்கு அந்தச் சுவரோரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த நடையில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கழுத்தில் அட்டை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எதிரே வந்தார். கைகூப்பி வணங்கினார். "இந்தியாவா? நல்வரவு. இன்று புத்த விசேஷம், காலையில் பிக்குகளுக்கு மட்டும்தான் அனுமதி. வெளிநாட்டவருக்கு ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, நிற்கும் புத்தர் கோவில் ஒன்றை வட்டம் போட்டுக் காட்டினார். "வெள்ளை நம்பர் பலகை வைத்த டுக்டுக் அரசாங்க வண்டி, நாற்பது பாட்தான் வாங்குவார்கள்" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். வண்டி உடனே வந்து நின்றது.

டுக்டுக் என்பது நம் ஊர் ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டி, பாட் என்பது தாய்லாந்துப் பணம். அரசாங்க டுக்டுக் என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஒரு இடத்துக்கே நூறு பாட் கேட்கிற வண்டிகள் அவை. ஊரையே சுற்றிக் காட்ட நாற்பது என்றால் மீதிப் பணம் வேறு யாரிடமிருந்தோ வருகிறது என்று அர்த்தம். "ஏங்க, வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே" என்று நான் கேட்டேன். "மேடம், வெயிலில் எதற்கு வீணாக நடக்கிறீர்கள்" என்றார் அந்த ஆள். வெயிலில் நிற்பவருக்கு நிழலும் காற்றும் கொடுத்தால் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். இந்த மோசடி முழுவதும் அந்த வெக்கையை வைத்துத்தான் ஓடுகிறது.

அவர்கள் கூட்டிப்போன கோவில் வாட் இந்தரவிஹான். கோவில் மேல் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 32 மீட்டர் உயரத்தில் பிட்சைப் பாத்திரம் ஏந்தி நிற்கும் பொன்னிறப் புத்தர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மக்களுக்கு எட்டுவது பாதம் மட்டும்தான், ஒவ்வொரு விரலும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. அந்த விரல்களின் மேல் மல்லிகைச் சரம் வைத்து ஒரு பாட்டி கண்மூடி உட்கார்ந்திருந்தார். நானும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது அங்கே நடந்ததைத்தான். சன்னதியில் எங்களுக்கு முன்பே ஒருவர் ஊதுபத்தி ஏற்றி வணங்கிக்கொண்டிருந்தார். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே நிழலில் செருப்பு மாட்டும்போதுதான் பேச்சுக் கொடுத்தார். ஆசிரியராம். மகன் சிங்கப்பூரில் படிக்கிறானாம். எங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். எதையும் விற்கிற பேச்சே இல்லை. கடைசியில், போகிற போக்கில், "அரசாங்கம் வருடத்துக்கு ஒரு முறை ரத்தினக் கற்களுக்கு ஏற்றுமதி வரியை நீக்குகிறது, இன்றுதான் கடைசி நாள், மகன் படிப்புச் செலவுக்கு நான் இப்படித்தான் வாங்கி விற்கிறேன்" என்றார். கடைப் பெயரைக்கூட அவராகச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபிறகே சொன்னார். டுக்டுக் ஓட்டுநருக்கு அந்தக் கடை ஏற்கெனவே தெரிந்திருந்தது. புத்தர் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டு பொய்க்குச் சாட்சி சொல்ல ஒரு மனிதனை நிறுத்திவைக்கிறார்கள். பணம் போனதை விட இது என்னை உலுக்கியது.

கடை குளுகுளு ஏசி. நுழைந்ததும் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு, ஈரத் துண்டு. விற்பனைப் பெண்ணுக்கு நம் ஊர் விவரம் அத்தனையும் அத்துபடி. நீலக்கல் சனிக்கு உகந்தது, ராசி பார்த்துப் போட வேண்டும் என்று அவளே சொல்கிறாள். என் மாமியார் ஏழரைச் சனிக்கு நீலம் போடச் சொல்லி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டு காரட் தங்கத்தில் நீலக்கல் மோதிரம், 18,500 பாட். அச்சடித்த சான்றிதழ், எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற வாய்வார்த்தை. கார்டில் கட்டினோம். கையெழுத்து வாங்கிய ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "பணம் திரும்பத் தரப்படாது" என்று இருந்தது, அதை அவள் விரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டினாள்.

அதற்குப்பின் ஒரு தையல்கடை. "வாங்க வேண்டாம், ஐந்து நிமிஷம் பாருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்று ஓட்டுநர் கெஞ்சினார். அடுத்து, கதவு சாத்தியிருந்த ஒரு சின்னக் கோவில். நாங்கள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். தன் நாற்பது பாட்டைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வேறு வண்டி பிடித்து அரண்மனைக்கு வந்தபோது சீட்டுக் கவுண்டர் மூடியாகிவிட்டது. வாசல் காவலரிடம் காலையில் மூடியிருந்ததா என்று கேட்டோம். "தினமும் திறப்பு, எட்டரை மணிக்கே" என்றார். வாசலருகே, அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று பெரிய எழுத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்களை அது வரைக்கும் வரவே விடவில்லை.

நாங்கள் பார்க்காமல் வந்தது என்ன தெரியுமா? மரகத புத்தர் என்று பெயர், சிலை செதுக்கியது பச்சைக் கல்லில். உயரம் 66 சென்டிமீட்டர்தான். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக வருடத்தில் மூன்று முறை அந்தப் புத்தருக்குப் பொன்னாடையை மாற்றுபவர் தாய்லாந்து மன்னர். சுற்றுப் பிரகாரத்தில் ராமகியன், அதாவது அவர்கள் ராமாயணம், 178 ஓவியங்களாகச் சுவர் முழுக்க. வெள்ளை அனுமனை அங்கே பார்க்க வேண்டும் என்று என் கணவர் ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அன்று இரவு எங்களுக்கு விமானம். "விடும்மா, இன்னொரு தடவை வரலாம்" என்றார். வருவோமா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் போ என்ற கோவில் இன்னும் திறந்திருந்தது. 46 மீட்டர் நீளச் சயன புத்தர், பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள், பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்களில் காசு விழும் ஓசை. நிச்சயம் பாருங்கள். அங்கும் வாசலுக்கு வெளியே ஒருவர், "சாயங்காலம் பிரார்த்தனை, மூடல்" என்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் நேராகப் போய் அவர்களைக் கையோடு உள்ளே கூட்டிவந்தார்.

சுற்றுலாப் போலீசின் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். எங்கள் புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், கடைக்கும் போன் போட்டார்கள். மறுநாள் நேரில் வந்தால் ஒரு பகுதிப் பணத்தைத் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம். எங்களால் தங்க முடியவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போலீசோடு அந்தக் கடைக்குப் போங்கள். கல்லைத் தபாலில் அனுப்பிவைக்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது, கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

வெயில் ஏறுமுன் எட்டரைக்கே அரண்மனை வாசலில் நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளியே துணி விற்பவர்கள் அதை வைத்து ஒரு விலை சொல்வார்கள். நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்குச் சீட்டு 500 பாட், அதைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். அங்கிருந்து வாட் போ நடக்கிற தூரம்தான், பக்கத்திலேயே சனாம் சாய் மெட்ரோ நிலையமும் இருக்கிறது. எதிர்க்கரையில் இருக்கும் வாட் அருண் கோவிலுக்குத் தா தியென் துறையிலிருந்து அக்கரைப் படகு சில பாட் கட்டணத்துக்கே போகிறது. தனிப் படகுதான் உண்டு என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களைத் தாண்டி உள்ளே நடந்தால் அந்தச் சின்னக் கவுண்டர் தெரியும்.

மோதிரத்தை மதுரையில் தெரிந்த நகை மதிப்பீட்டாளரிடம் காட்டினோம். கல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செயற்கை நீலம், தங்கம் முத்திரையில் போட்டதை விடக் குறைவு என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளையும் 1155 புகாரின் நகலையும் வைத்து வங்கிக்கு முறையீடு அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போட்ட பரிவர்த்தனை என்று முதலில் மறுத்தார்கள், போலிச் சரக்கு என்ற காரணத்தைக் காட்டி மறுபடி கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன்.