மூன்று விநாடி நின்றேன்

பரமக்குடிக்காரியான எனக்குக் கடல் என்றால் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்கு, அவ்வளவுதான். 43 வயதில் அலைச்சறுக்கு பழக, பாம்பன் தீவின் தென்கரையில் ஒரு விடுதிக்குப் போனேன். வடக்கே பாக் விரிகுடா குளம்போல் கிடக்கிறது; உள்ளூரில் அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலை வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான்.

பயிற்சியாளர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மணலிலேயே குப்புறப் படுக்கவைத்து, எழுந்து நிற்க இருபது முறை பழக்கினார். "அக்கா, பலகையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்." பார்த்தேன். பதினோராவது அலையில் மூன்று விநாடி நின்றேன். பிறகு மூக்கு நிறைய உப்புநீர்.

முழுக்கைச் சட்டை கொண்டுவர வேண்டுமென்று முன்பதிவில் ஒருவரும் சொல்லவில்லை. பலகையில் ஒட்டிய மணல் உரசி இரண்டு முழங்கையும் தோலுரிந்தன. அறைக்குப் போனால் குழாயிலும் உவர்நீர். சோப்பு நுரைக்கவே இல்லை. இதற்கு அந்த வாடகை அநியாயம். ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்கு வாங்கிய 1,500 ரூபாயைக் குறை சொல்ல மாட்டேன். நண்டுக் குழம்பையும்தான், மூன்றாம் கரண்டிக்கும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.