துருக்கி முடிச்சா, பாரசீக முடிச்சா?

கைமுடிச்சுக் கம்பளத்தில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும் இரண்டு பாவு நூல்களுக்கு ஒரு முடிச்சு. அந்த இரண்டையும் கம்பளி நூல் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. துருக்கி முடிச்சில் நூல் இரு பாவுகளின் மேலாகக் கிடந்து, இருபுறமும் பின்னால் சுற்றி, இரு முனைகளும் நடு இடைவெளி வழியாகச் சேர்ந்தே வெளிவரும். பாரசீக முடிச்சு ஒரு பாவை மட்டுமே சுற்றும்; அடுத்ததன் பின்னால் வெறுமனே நுழைந்து வரும். ஒரு முனை நடுவில் நிற்கும், மற்றது பக்கவாட்டில்.

உறுதியில் துருக்கி முடிச்சுக்கே முதலிடம். இரண்டு பாவையும் கவ்வுவதால் முனையைப் பிடித்து இழுத்தாலும் எளிதில் வராது. பாரசீக முடிச்சின் பிடி, குறுக்கே ஓடும் ஊடை நூலை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் ஊடையைச் சீப்பால் இறுக அடிக்காவிட்டால் முடிச்சு நழுவும். இதனால்தான் பாரசீக முடிச்சு போடும் மத்திய ஆசியாவின் துர்க்மென் நெசவாளர்களில் சிலர், தேய்மானம் அதிகமுள்ள ஓரங்களில் மட்டும் துருக்கி முடிச்சுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

வளைகோட்டுக்குப் பாரசீகம், நேர்கோட்டுக்குத் துருக்கி என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. 1949-இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் உறைந்த கல்லறையில் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ கண்டெடுத்த பசிரிக் கம்பளம் துருக்கி முடிச்சுதான். சுமார் 2,300 ஆண்டுக்கு முந்தைய அதில் 10 செ.மீ. சதுரத்துக்கு ஏறக்குறைய 3,600 முடிச்சுகள். மான்களும் குதிரைவீரர்களும் தெளிவாகத் தெரிகிறார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் (1539-40) பாரசீக முடிச்சு. அதே பரப்பில் சுமார் 5,300. பாரசீக மண்ணிலேயே தப்ரீஸும் சனந்தஜும் துருக்கி முடிச்சுதான் போடுகின்றன. துருக்கியின் ஹெரெகே பட்டுக் கம்பளங்களோ அதே முடிச்சில் மிக நுண்ணிய பூங்கொடிகளைக் கொண்டுவருகின்றன. கோட்டின் நயத்தை முடிச்சின் வகையைவிட அடர்த்தியே தீர்மானிக்கிறது. அடர்த்தி குறைந்தால் எந்த முடிச்சிலும் வளைவு படிக்கட்டாகிவிடும்.

அடையாளம் காண, ஊடை ஓடும் திசையில் மடித்து முனைகளின் அடிவாரத்தைப் பாருங்கள். இரு முனைகளுக்கும் மேல் குறுக்கே ஒரு நூல் படிந்திருந்தால் துருக்கி. ஒரு முனையை மட்டும் தழுவியிருந்தால் பாரசீகம்.

இரண்டுக்கும் பொதுவான கேடு ஜுஃப்தி: இரண்டு பாவுக்குப் பதில் நான்கின்மேல் ஒரு முடிச்சு. வேலையும் கம்பளியும் பாதியாகும், முனைகள் அடர்த்தியின்றி நின்று விரைவில் தேயும். கம்பளம் வாங்குமுன் முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

அடர்த்தியை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. பாவுகள் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒரு முடிச்சு பின்புறம் இரண்டு புடைப்புகளாகத் தெரியும். ஒரு பாவு மற்றதன் பின்னால் மறைந்து பதிந்திருந்தால் ஒரு புடைப்பே தெரியும். எனவே வடிவங்களுக்கு எல்லை கட்டும் மிக மெல்லிய செங்குத்துக் கோட்டைப் பின்புறம் தேடுங்கள். அது எங்கும் இரட்டைப் புடைப்பாகவே ஓடினால், குறுக்கே எண்ணியதைப் பாதியாக்கி, நீளவாக்கில் எண்ணியதோடு பெருக்குங்கள்.