பேஸ்மென்ட் சுவர் ஈரம்: வெளியே தோண்டாமல் எது சரிவரும்?

ரொறன்ரோவில், அதுவும் ஸ்காபரோவில் 1950களில் கட்டின வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மார்ச்சில் பனி உருகத் தொடங்கினால் பேஸ்மென்ட் சுவரின் அடிப்பக்கம் கறுக்கும், அதற்கு மேலே வெள்ளையாய் உப்புப் பூக்கும், கீழே இறங்கினாலே பூஞ்சண மணம் வரும். வெளியே அத்திவாரம் வரைக்கும் ஏழெட்டு அடி தோண்டிப் பூசுவதுதான் முழுத் தீர்வு என்பார்கள், அது உண்மைதான். ஆனால் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருக்கிறது, அதிலும் கொங்கிறீற் போட்டிருக்கிறது.

காசு செலவழிக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிச் சதுர பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையரே போதும். சுவர்ப்பக்கம் நனைந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது.

அப்புறம் வெளியே போய்ப் பீலியைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் விழுந்தால் உள்ளே எதைச் செய்தும் பலனில்லை. பீலிக் குழாயை ஆறடிக்கு நீட்டி, மண்ணைச் சுவரிலிருந்து வெளியே சரிவாக நிரப்பினதிலேயே எங்களுக்கு மூன்று சுவர் காய்ந்துவிட்டது. மிஞ்சினது வடக்குச் சுவர்.

அந்தச் சுவருக்கு முதலில் வோட்டர்புரூஃப் பெயின்ற் பூசினோம். மலிவு, ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை. ஆனால் மண்ணில் தேங்கும் தண்ணீர் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, உப்பும் சேர்ந்து கொப்புளம் போட வைக்கிறது. அடுத்த வருடமே உரிந்தது. தண்ணீர் உண்மையாகவே ஊறி வருகிற சுவருக்கு இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெடிப்புக்குள் பொலியூறத்தேன் என்கிற பிசினை இன்ஜெக்சனாக அடிப்பது வேறு தரம். தண்ணீர் பட்டதும் அது பொங்கிச் சுவரின் முழுத் தடிப்புக்கும் நிரம்பும். வார்த்த கொங்கிறீற் சுவரில் ஒரு வெடிப்பால் மட்டும் தண்ணீர் வருகிறதென்றால் வேறொன்றும் யோசிக்காதீர்கள், இதுதான். ஆனால் சீமெந்துக் கல் அடுக்கின சுவர் உள்ளே பொள்ளல், தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து கல்லுக்குள்ளாலேயே ஓடி இன்னோரிடத்தில் வரும். ஒன்றை அடைத்தால் மற்றதில் கசியும். எங்களுடையது கல்லுச் சுவர் என்று பார்த்தும் ஒரு ஒப்பந்தக்காரர் இன்ஜெக்சனுக்கு விலை போட்டுத் தந்தார், இப்போதும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. பெயின்றுக்குக் கீழே கல் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கல்லுச் சுவருக்கு என் தெரிவு உள் வடிகால். சுவரோரமாகத் தளத்தை ஒரு அடி அகலத்துக்கு உடைத்து, அடிவரிசைக் கல்லில் துளை போட்டு, சுவரில் குமிழ் வைத்த பிளாஸ்ரிக் விரிப்பு அடித்து, சல்லிக்குள் துளைக் குழாய் வைத்து, வருகிற தண்ணீரைக் குழிக்குள் விட்டு பம்ப் வெளியே தள்ளும். தூசியும் சத்தமும் கொஞ்சநஞ்சமல்ல, கீழே வாடகைக்கு ஆள் இருந்தால் முதலே பேசி வையுங்கள். சுவரின் வெளிப்பக்கம் தொடர்ந்து நனைந்துகொண்டுதான் இருக்கும், தண்ணீர் தேங்காமல் ஓட வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். பம்புக்குக் கட்டாயம் பற்றரி வையுங்கள். 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டினபோது பல இடங்களில் மின்சாரமும் போனது, பம்ப் தேவைப்படுகிற நேரமும் அதுதான். பம்புக்கு நகரசபை மானியம் கொடுக்கிறது, விதிகளை வேலை தொடங்க முதலே வாசியுங்கள்.

சுவர் உள்நோக்கி வளைந்திருந்தாலோ நடுவில் குறுக்காக நீள வெடிப்பு ஓடினாலோ இதெல்லாம் வேண்டாம், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

எதைச் செய்தாலும் உடனே குளிர் தடுக்கும் பஞ்சு வைத்து ட்றைவோல் பலகை அடிக்காதீர்கள், உள்ளே பூஞ்சணம் பிடித்தால் வெளியே தெரியாது. ஒரு பனி உருகும் காலம் சுவரை வெறுமனே விட்டுப் பாருங்கள்.